கொசுக்களுக்குப் பசிக்கும் வரை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாமே கொசுவின் பசியைப் பார்த்துத்தான் நடந்தது. வயிறு நிறைந்த கொசு எதையும் திரும்பிப் பார்க்காது. சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சைக் கூண்டிலிருந்து எடுத்துவிட்டு ஒரு நாள் பட்டினி போட்டால்தான் நாம் வைக்கிற ரத்தத்தில் வாய் வைக்கும். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. காய்ச்சலில் கிடந்த ஒரு பெண்ணுக்கு நான் மூன்று நாள் மருந்து கொடுக்கவிடாமல் நிறுத்தி வைத்தேன். கொசுக்களுக்கு இன்னும் பசிக்கவில்லை என்பதற்காக.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் இருந்தேன். ஐம்பதைத் தாண்டியிருந்தேன். ஆர்.எஸ்.புரத்தில் சொந்த வீடு. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. கொடுமுடிப் பக்கம் பெரியவர்களுக்கு நிலம் இருந்தது, பிறகு மில்லில் பங்கு வந்தது. படிப்புப் பக்கம் ஒதுங்கியவன் நான் ஒருவன்தான்.

என் ஆராய்ச்சி மலேரியா ஒட்டுண்ணியைப் பற்றியது. மனித ரத்தத்தில் அது பெருகும்போது சில அணுக்களில் ஆண் வடிவமும் பெண் வடிவமும் உண்டாகும். அவை மனித உடம்பில் ஒன்றும் செய்வதில்லை. ஒரு கொசு வந்து உறிஞ்சிக்கொண்டு போகட்டும் என்று காத்திருக்கும். கொசுவின் வயிற்றில் தேவைப்படும் புரதங்களுக்கான செய்தியை, ஆர்.என்.ஏ. வடிவில், அந்தப் பெண் வடிவம் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறது. ஆனால் படிப்பதில்லை. மனித உடம்பின் சூடு குறைந்து கொசுவின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் பூட்டுத் திறக்கிறது, புரதம் உண்டாகிறது. பூட்டியது எது, திறந்தது எது என்று உலகத்தில் பல இடங்களில் தேடிக்கொண்டிருந்தார்கள். எலி மலேரியாவில் கொஞ்சம் தெரிந்திருந்தது. மனித மலேரியாவில் அதைக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வெறி.

கொசு அறையைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ரயிலில் வருவார். அவருடைய அப்பாவும் அம்மாவும் கடைசிவரை மற்றவர்கள் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். இவர் பத்தாவது படித்துவிட்டு எங்கள் துறைக்குக் கூட்டிப் பெருக்க வந்து, பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டார். ஸ்லைடு எடுக்க, சாயம் ஏற்ற, எந்த நோய்க்கு எந்த மாத்திரை என்று சொல்ல, எல்லாம் தெரியும். நோயில்லாத கொசுக்களுக்கு முயலின் ரத்தம் கொடுப்பதுதான் அங்கே முறை. முயலின் வயிற்றை மழித்துக் கட்டிவைப்பதை அவரால் பார்க்க முடியாது. அதனால் வாரம் இரண்டு முறை தன் கையையே கூண்டுக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அரை மணி நேரம் ஆகும்.

"வலிக்கலீங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஊட்டுல கைய நீட்டுனா ஒருத்திதானுங் கடிப்பா, இங்க முந்நூறு பேரு. அவ்வளவுதானுங் சார் வித்தியாசம்" என்றார்.

ஒரு திங்கட்கிழமை காலை கைக்குட்டையில் சுற்றிய ஒரு ஸ்லைடோடு வந்தார். அவருக்கு ஒரே மகள். மாப்பிள்ளை மங்களூரில் கட்டட சென்ட்ரிங் வேலை பார்த்தார். பெண் பத்து நாள் முன்புதான் அங்கிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

"ஏனுங் சார், புள்ளைக்குக் குளிரு தூக்கித் தூக்கிப் போடுதுங். ஒரு நாள் உட்டு ஒரு நாள் வருது. நானே வெரல்ல குத்தி எடுத்துட்டு வந்துபோட்டேன். சித்தெ பாருங்."

சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். மங்களூர் கட்டட வேலைக்காரர்களிடம் அப்போது நிறைய இருந்த அதே வகை, விவாக்ஸ். பார்வையை நகர்த்திக்கொண்டே போனேன். அணுவையே நிறைத்துக்கொண்டு, உருண்டையாக, நீலமாக, பெண் வடிவங்கள். ஒன்றல்ல இரண்டல்ல. இத்தனையை ஒரே ஸ்லைடில் நான் அதுவரை பார்த்ததில்லை. என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லீங்களா சார்?" என்று அவரும் சிரித்தார்.

"மலேரியாதான்" என்றேன்.

அவர் சிரிப்பு அணைந்தது. "அப்ப மாத்திரையக் குடுத்துப்போடறேனுங். மத்தியானம் பஸ்ஸுல போயிட்டு வெசயா வந்தர்றேன்" என்று அலமாரிப் பக்கம் போனார். குளோரோகுயின் டப்பா அங்கே இருந்தது. காய்ச்சல் என்று வந்தாலே ரத்தம் எடுத்த கையோடு அதைக் கொடுப்பதுதான் அப்போது எல்லா இடத்திலும் வழக்கம். அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

விவாக்ஸில் அந்த மாத்திரை காய்ச்சலை மட்டும் நிறுத்தாது, எனக்கு வேண்டிய பெண் வடிவங்களையும் ஓரிரு நாளில் அழித்துவிடும். கொசுக்களோ முந்தின நாள்தான், ஞாயிறு என்றும் பாராமல் வந்த அவருடைய கையிலேயே வயிறு முட்டக் குடித்திருந்தன. கூட்டுப்புழுவிலிருந்து அடுத்த கூட்டம் வெளிவந்து, வளர்ந்து, பட்டினி கிடந்து தயாராக வியாழக்கிழமை ஆகும்.

"வியாழக்கெழமை வரைக்கும் பொறுத்துக்கலாங்களா?" என்றேன். "இது உசுருக்கு ஆபத்தில்லாத வகைதானுங்க."

நான் கேட்டது கேள்வி மாதிரிதான் இருந்தது. எங்கள் குடும்பத்தைப் போன்றவர்களின் நிலத்தில் அவர் குடும்பத்தைப் போன்றவர்கள் எத்தனை தலைமுறை வேலை செய்தார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். என் கேள்வி அவர் காதில் என்னவாக விழும் என்பதும் எனக்குத் தெரியும்.

டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டு, "நீங்க சொன்னாச் செரிதானுங் சார்" என்றார்.

ரத்தம் எடுக்க ஒப்புதல் படிவம் வேண்டும். அன்று சாயங்காலமே அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போனேன். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று சந்தைப் பக்கம் நிறுத்தி, ஒரு டஜன் சாத்துக்குடியும் நன்றாகப் பழுத்த பப்பாளி ஒன்றும் வாங்கினேன்.

பாக்குக் கிடங்கின் பின்னால் வரிசை வீடுகள். அவருடைய மனைவி அதே கிடங்கில் பாக்கு உரிக்கிறவர். விரல் நுனிகள் கறுத்திருந்தன. பெண் கட்டிலில் போர்வைக்குள் கிடந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

"உங்க கொசுவுக்கு இவரு ரத்தம் பத்தலீங்களா சார்? இப்பப் புள்ளையோடதும் வேணுமாமா?"

"சும்மா இரு. படிச்சவங்ககிட்டப் பேசற பேச்சா?" என்றார் அவர்.

"நீங்க குடுக்கறதக் குடுங்க. நான் கேக்கறதக் கேக்கறேன். அதுக்கு அவிங்களே ஒண்ணுஞ் சொல்லுல."

நானும் சிரித்துக்கொண்டே படிவத்தை நிரப்பினேன். பெயர், வயது, எத்தனை நாள் காய்ச்சல். அடுத்த கேள்வி கர்ப்பமா என்பது. ஆம் என்றால் அந்தப் பெண்ணிடம் ரத்தம் எடுக்கக் கூடாது. அங்கேயே, அப்போதே மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். கர்ப்பிணிக்கு மலேரியாக் காய்ச்சல் ஒரு வேளைகூட நீடிக்கக் கூடாது என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன் நான்.

"அம்மணி முழுகாம கிழுகாம இருக்குதுங்களா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங் சார்." நான் முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. கட்டிலில் இருந்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் மூன்று மாதம் முடியும்வரை அதை வெளியில் சொல்ல மாட்டார்கள். முதல் கரு ஒன்று தங்காமல் போயிருந்தால் இன்னும் பயப்படுவார்கள். யார் கேட்டாலும் இல்லை என்பார்கள். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. என் மனைவி எங்கள் மகனைச் சுமந்தபோது என் அக்காவிடமே அப்படித்தான் சொன்னாள், நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆகவே அந்தப் பதிலுக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் கொடுத்த பையை அந்த அம்மா திறந்தார். சாத்துக்குடிகளைத் தட்டில் அடுக்கி மகளின் தலைமாட்டில் வைத்தார். பப்பாளியை மட்டும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், கைப்பிடிச் சுவரின் மேல், வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். வந்து, கையைக் கழுவினார்.

அதை நான் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் எந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேனா என் கையில் இருந்தது. படிவத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. புதன்கிழமை காலை அவர் வந்து, புதுக் கொசுக்களின் கூண்டிலிருந்து சர்க்கரைப் பஞ்சை எடுத்தார். பட்டினி போட்டவர் அவர்தான். "நேத்துப் பல்லு கிட்டிப்போச்சுங் சார், நாலு போர்வ போட்டும் நிக்கல" என்றார். "நாளைக்குத்தானே" என்றேன்.

வியாழக்கிழமை ஒரு பிளாஸ்கில் உடம்புச் சூட்டுக்குத் தண்ணீர் நிரப்பி எடுத்துக்கொண்டு போனேன். ரத்தம் ஆறினால் பெண் வடிவம் கொசுவுக்குள் வந்துவிட்டதாக நினைத்துத் திறந்துகொள்ளும். உடம்பை விட்டு வெளியே வந்தது ரத்தத்துக்குத் தெரியக்கூடாது. நாங்கள் போனபோது அவளுக்குக் குளிர் தொடங்கியிருந்தது. நடுங்குகிற கையை அவளுடைய அப்பாதான் பிடித்துக்கொண்டார். ஸ்பிரிட் வாசனைக்கு அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இதைய எங்கீங் சார் கொண்டு போறீங்க?"

"கொசுவுக்கு, அம்மணி."

"அதுக்கும் இப்பிடிக் குளிருமுங்களா?"

"அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"குடுத்து வெச்ச கொசு" என்று பல் கிட்டக் கிட்டச் சொல்லிச் சிரித்தாள்.

குழாயைப் பிளாஸ்கில் இறக்கிவிட்டு, குளோரோகுயின் மாத்திரைகளை எண்ணி அவர் கையில் கொடுத்தேன். அவர் கையை நீட்டியபடியே நின்றார்.

"ரெண்டாவது மாத்திரை இல்லீங்களா சார்?"

இந்த வகை மலேரியா ஈரலில் ஒளிந்திருந்து திரும்ப வரும். அதைத் தடுக்க இன்னொரு மாத்திரை உண்டு. அதைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. அது என் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

"அது அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "செரிங்" என்றார்.

அந்த மாத்திரையைக் கொடுக்காததுதான் எனக்கு எதிரான சாட்சி. எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. படிவத்தில் இல்லை என்று எழுதிய நானே, உண்டு என்று தெரிந்தவன் நடந்துகொள்வது போல நடந்துகொண்டேன்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் அவ்வளவு வேகமாக நான் கார் ஓட்டியதில்லை. கொசுக்கள் நன்றாகக் குடித்தன.

அடுத்த திங்கட்கிழமை அவர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். கூண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போனபோது திரும்பவில்லை.

"புள்ளைக்குக் கலஞ்சுபோச்சுங் சார். சனிக்கெழம. மூணாம் மாசமாட்ட இருக்குது."

அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அதை எழுதத்தான் இதையெல்லாம் எழுதிக்கொண்டு வருகிறேன். "ஐயோ, முழுகாம இருந்துச்சா? சொல்லவே இல்லீங்களே?" என்றேன்.

கொசுக்கள் அவர் கையில் உட்கார்ந்து வயிறு சிவந்துகொண்டிருந்தன. அரை மணி நேரம் முடிகிறவரை அவர் கையை எடுக்கவில்லை.

அந்த வாரம் துக்கம் கேட்கப் போனேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் முன்னால் நின்று தன் வாயில் அடித்துக்கொண்டார்.

"நீங்க கேட்டீங்க சார். மகராசன் மாதிரி வந்து கேட்டீங்க. நாந்தான் பொய் சொல்லிப்போட்டேன். சொல்லியிருந்தா அன்னைக்கே மருந்து குடுத்திருப்பீங்களே. இந்த வாயாலயே கொன்னுபோட்டனே!"

என்னுடைய பாவத்தை அவர் தூக்கிக்கொண்டு நின்றார். நான் செய்ய வேண்டியது ஒன்றுதான், அதை வாங்கி என் தலையில் வைத்துக்கொள்வது.

"விடுங்க, நடந்தது நடந்துபோச்சு. உங்க மேல தப்பில்லீங்க" என்றேன். மன்னிக்கிறவனைப் போல. அவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

காய்ச்சல்தான் காரணமா என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. முதல் கருவும் அவளுக்குத் தங்கவில்லை. திங்கட்கிழமையே மாத்திரை கொடுத்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம். இந்த 'கலாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு பல வருடம் சாப்பிட்டேன், தூங்கினேன்.

சோதனை பலித்தது. இருட்டறையில் கழுவி எடுத்த எக்ஸ்ரே பிலிமில் அந்தச் செய்தி கறுப்புக் கோடாக விழுந்தது. பெண்ணின் ரத்தத்தில் செய்தி இருந்தது, புரதம் இல்லை. கொசுவின் வயிற்றில் போன சில மணி நேரத்தில் புரதம் வந்துவிட்டது. எழுதி வைத்ததை வாய்விடாமல் வைத்திருந்ததால்தான் அது மனித உடம்பில் பிழைத்தது என்று கட்டுரையின் முடிவில் எழுதினேன். நல்ல பத்திரிகையில் வந்தது. நன்றி சொல்லும் வரியில் கொசு வளர்த்தவர் என்று அவர் பெயரைப் போட்டிருந்தேன். பெயர் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு வருடம் கழித்து மகளுக்குப் பெண் குழந்தை பிறந்ததாக அவர் சொல்லித் தெரியும். அதையும் ஒரு நாள் கை கூண்டுக்குள் இருக்கும்போதுதான் சொன்னார். பிரசவத்துக்கு அவருடைய மனைவி மங்களூர் போகவில்லையாம். மகள் முழுகாமல் இருக்கிறாளா என்று அக்கம்பக்கம் கேட்டால் காதை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாராம். வளைகாப்புக்கும் போகவில்லை. குழந்தையைக் கொண்டுவந்தபோதும் தூக்கவில்லை. "என்ற வாயி பட்டாப் பச்சப்புள்ளைக்கு ஆகாதுங்கறாளுங்" என்றார். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. சொல்லவில்லை.

ஓய்வுக்குப் பிறகு, அந்தப் பத்தாண்டின் கடைசி வருடம், ஒரு சாயங்காலம் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திக் கேட்டாள். பப்பாளியைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டாள். "என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்" என்றாள். அதற்குப் பிறகு பல நாள் என்னோடு அவள் தேவைக்கு மேல் பேசவில்லை. அந்த வாரமே போயிருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்த மகன் டிக்கெட் அனுப்பினான். ஆறு மாதம் அங்கே போய் இருந்துவிட்டு வந்தோம்.

திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். பையில் சாத்துக்குடி மட்டும்.

அவர்தான் கதவைத் திறந்தார். "வாங் சார், வாங்" என்று பதறி நாற்காலியைத் துடைத்தார். எதிர்ச்சுவரில் அந்த அம்மாவின் படம், பிளாஸ்டிக் மாலையோடு. அதற்குக் கீழே கண்ணாடி போட்ட சட்டத்தில் அந்த ஜெராக்ஸ் பக்கம்.

"எப்பங்க?"

"நாலு மாசம் ஆச்சுங் சார். நெஞ்சு வலி. உங்க ஊட்டுக்குப் போன் பண்ணுனமுங், மணி அடிச்சுட்டே இருந்துச்சு."

நான் உட்கார்ந்தேன். பிறகு, வந்த காரியத்தை அவரிடமே சொன்னேன். பப்பாளியைப் பார்த்ததை, தெரிந்தே எழுதியதை, அவருடைய மனைவி வாயில் அடித்துக்கொண்டபோது நான் மன்னித்ததை. எதையும் குறைக்கவில்லை. அவர் சாத்துக்குடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படத்துக்கு முன்னால் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது மாத்திரைய நீங்க குடுக்கலியேங் சார்" என்றார். "அன்னைக்கே நெனச்சேனுங்."

அவர் அடுத்த பழத்தை எடுத்து வைத்தார்.

"அவகிட்ட நாஞ் சொல்லலீங்க. சொல்லியிருந்தா அவ உங்க பக்கம் என்னைய உட்டிருக்க மாட்டா. வேல போயிருமுங். அப்பறம் சொல்லலாம், அப்பறம் சொல்லலாம்னு இருந்துபோட்டேன்." கடைசிப் பழத்தைக் கையிலேயே வைத்திருந்தார். "சாகற அன்னைக்கும் அதையேதானுங் சொன்னா. என்ற வாயி, என்ற வாயின்னு."

அந்தப் பழத்தையும் வைத்துவிட்டு, "அவ இருக்கறப்ப வந்திருக்கோணுமுங் சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு அது ஒரு பிடிமானமாக இருந்திருக்கும்.

எழுந்தேன். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பஸ் நிறுத்தம்வரை வந்தார். வெயிலுக்குக் குடை எடுத்து வந்து, எனக்குப் பிடித்தார். கிடங்கைத் தாண்டும்போது நின்று, "முன்னால நடங்க" என்றேன்.

"பரவால்லீங் சார்" என்று சொல்லிவிட்டு, ஓரடி பின்னாலேயே வந்தார். குடை பிடித்த கை முழுக்கப் பழைய கடித் தழும்புகள். பஸ் வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.